ரைட் வீட்டுத் தங்கை: ஓஹியோ பயணக் குறிப்புகள்

முதல் நாள்: மேற்கு டேட்டன்

டேட்டனுக்கு வருகிறவர்கள் விமானம் பார்க்கத்தான் வருகிறார்கள். முதல் விமானத்தைப் பறக்கவிட்ட வில்பர், ஆர்வில் என்ற இரண்டு அண்ணன்களுக்கும் நாற்பது வருடம் கூடவே நின்ற தங்கை கேத்தரின் ரைட்டைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. அவருக்கென்று தனி மியூசியம் கிடையாது. அண்ணன்களுக்காக வைத்திருக்கும் இடங்களிலேயே எங்கே நின்று எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொண்டு போனால்தான் அவர் கண்ணில் படுவார். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் வழி. வெளிநாட்டிலிருந்து நேராக டேட்டனில் வந்து இறங்க வசதியில்லை. கொலம்பஸில் இறங்கி வாடகைக் கார் எடுப்பது தோது. ஐ-70 சாலையில் மேற்கே சுமார் 115 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். டேட்டனில் மேலே மின்கம்பி பிடித்து ஓடும் டிராலி பஸ்கள் இன்னும் இருக்கின்றன. அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களில்தான் இது மிச்சம். ஊருக்குள் சுற்ற அது போதும். நாளை, நாளை மறுநாள் போகும் இடங்களுக்குக் கார் இல்லாமல் முடியாது.

தெற்கு வில்லியம்ஸ் தெரு 16ஆம் எண்ணில் தேசியப் பூங்காத் துறையின் விளக்க மையம். பக்கத்திலேயே 22ஆம் எண்ணில் சகோதரர்கள் வாடகைக்கு வைத்திருந்த சைக்கிள் கடைக் கட்டடம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. திறக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் கிளம்புமுன் பூங்காத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். இங்கே ஒரு மணி நேரம் போதும். கேத்தரினைப் பொறுத்தவரை முக்கியமான இடம் சற்று நடந்தால் வரும் ஹாதார்ன் தெரு, 7ஆம் எண்.

அங்கே வீடு இல்லை. அஸ்திவாரத்தின் அளவும், முன்தாழ்வாரத்தின் மறுவடிவமும்தான் இருக்கின்றன. அசல் வீட்டை ஹென்றி ஃபோர்டு 1937இல் மிச்சிகனுக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். அதைக் கடைசி நாளில் பார்ப்போம். ஆனால் தெரு அதே தெரு. மனை எவ்வளவு குறுகல், பக்கத்து வீட்டுச் சுவர் எவ்வளவு நெருக்கம் என்பது இங்கே நின்றால்தான் தெரியும். மிச்சிகனில் வீட்டைச் சுற்றிப் புல்தரை விட்டுவிட்டார்கள்.

கேத்தரின் பிறந்தது இதே இடத்தில், 1874 ஆகஸ்டு 19. ஆர்வில் பிறந்ததும் இதே வீட்டில், மூன்று வருடம் முன்பு, அதே ஆகஸ்டு 19. அப்பா மில்டன் ரைட் ஒரு பிராட்டஸ்டன்ட் சபையின் பிஷப். வருடத்தில் பல மாதம் சபை வேலையாக ஊர் ஊராக அலைவார். அம்மா சூசன் 1889 ஜூலை 4 அன்று காசநோயில் இறந்தார். கேத்தரினுக்கு அப்போது பதினைந்து முடியவில்லை. மூத்த அண்ணன்கள் ரூக்லின், லாரின் இருவரும் தனிக்குடும்பம் ஆனார்கள். வீட்டில் மிஞ்சியது அப்பா, திருமணமே செய்துகொள்ளாத இரண்டு அண்ணன்கள், கேத்தரின். வீட்டுப் பொறுப்பு அந்த வயதிலேயே அவர் கைக்கு வந்தது. இதை வைத்து அவரை அடுப்படியில் நிறுத்திவிடக் கூடாது. 1900 முதல் கேரி கெய்லர் என்ற பதினான்கு வயதுப் பெண் சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் இருந்தார். கேத்தரின் காலையில் பள்ளிக்கூடம் போய் லத்தீன் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார்.

இந்த இடத்தில் மூன்று கட்டுக்கதைகளைக் கழித்துவிட வேண்டும். தங்கையின் சம்பளத்தில்தான் விமானம் செய்தார்கள், தங்கைதான் கணக்குப் போட்டுக் கொடுத்தார், தங்கைதான் இறக்கைத் துணி தைத்தார். முதல் இரண்டும் 1909 வாக்கில் பத்திரிகைகள் கிளப்பியவை. 1903 விமானம் வரைக்குமான செலவு, பறந்து பார்க்க வட கரோலினாக் கடற்கரையில் இருக்கும் கிட்டி ஹாக் போய்வந்த ரயில் கட்டணம் சேர்த்து, 1,000 டாலருக்குள். அது முழுக்கச் சைக்கிள் கடை லாபம். கணக்கு விஷயத்துக்கு நான்காம் நாள் வருகிறேன்.

தையல் பற்றி கேத்தரினே எழுதியிருக்கிறார். 1902 ஆகஸ்டில் அப்பாவுக்குப் போட்ட கடிதத்தில், வில் மணிக்கணக்காகத் தையல் மிஷினைச் சுழற்றுகிறான், ஆர்வ் தரையில் குந்திக்கொண்டு தைக்க வேண்டிய இடங்களுக்குக் குறி போடுகிறான், வீட்டில் இருக்க இடமில்லை என்ற பொருளில் சொல்கிறார். துணி, கடையில் கிடைத்த சாதாரண மஸ்லின். அதைச் சட்டத்தின் மேல் நேராகப் போர்த்தவில்லை. இழை 45 பாகைச் சாய்வில் ஓடும்படி போட்டார்கள். நேராகப் போட்டால் இறக்கை கோணும்போது துணி சுருங்கி மடியும். சாய்வாகப் போட்டால் ஒவ்வொரு இழையும் ஒரு இழுவைக் கம்பியாக வேலை செய்து சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். இறக்கையின் வளைந்த குறுக்குக் குச்சிகள் நுழைய ஒவ்வொன்றுக்கும் தனி உறை தைக்க வேண்டும். இவ்வளவும் இந்தக் குறுகிய வீட்டுக்குள் நடந்தது. தைத்தவர்கள் அண்ணன்கள். வீட்டை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தவர் தங்கை.

அவர் செய்தது வேறு வகை வேலை. 1901இல் எஞ்சின் இல்லாத இரண்டாவது கிளைடரும் எதிர்பார்த்தபடி பறக்காமல் அண்ணன்கள் மனம் விட்டுத் திரும்பினார்கள். மேற்கத்திய பொறியாளர் சங்கத்தில் பேச வரும்படி, பறக்கும் முயற்சிகளில் ஆர்வம் கொண்ட மூத்த பொறியாளர் ஆக்டேவ் சனூட் சிகாகோவிலிருந்து அழைத்தார். வில்பர் மறுக்கப் பார்த்தார். நச்சரித்து ஒப்புக்கொள்ள வைத்தவர் கேத்தரின். போட்டுக்கொள்ள நல்ல உடுப்பு இல்லை என்று ஆர்வில்லின் சட்டை, காலர், கை மடிப்பு, அதன் பித்தான், மேல்கோட்டு வரை மாட்டி அனுப்பினார்கள். செப்டம்பர் 18 அன்று நடந்த அந்தப் பேச்சுதான் வெளி உலகப் பொறியாளர்கள் வில்பரைக் கவனிக்கக் காரணம். பேச்சுக்குப் பிறகு, பழைய காற்றழுத்த அட்டவணைகளை நம்பாமல் தாங்களே காற்றுச் சுரங்கம் கட்டி அளந்து பார்த்தார்கள்.

அண்ணன்கள் கிட்டி ஹாக்கில் இருக்கும் மாதங்களில் கடையைப் பார்த்துக்கொள்ள 1901 ஜூனில் சார்லி டெய்லரை வாரம் 18 டாலருக்கு வைத்தார்கள். பின்னால் விமான எஞ்சினைக் கடைந்தெடுத்த அதே டெய்லர். அவருக்கும் கேத்தரினுக்கும் ஒத்துப்போகவில்லை. நாள் முழுக்கச் சுருட்டு, தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற பேச்சு. இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு கடையும் ஓடியது, வீடும் ஓடியது.

1903 டிசம்பர் 17 மாலை 5.25க்கு, கிட்டி ஹாக்கில் விமானம் பறந்துவிட்டது என்று இந்த வாசலுக்குத் தந்தி வந்தது. கேரி வாங்கி மாடியில் இருந்த பிஷப்பிடம் கொடுத்தார். கேத்தரின் வந்ததும் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, தந்தியை எடுத்துக்கொண்டு லாரின் வீட்டுக்கு நடந்தார். சனூட்டுக்கும் செய்தி அனுப்பினார். தந்தியில் இரண்டு பிழை: பறந்த நேரமான 59 நொடியை 57 என்றும், ஆர்வில் பெயரைத் தப்பாகவும் அடித்திருந்தார்கள். லாரின் பத்திரிகை அலுவலகத்துக்குக் கொண்டுபோனபோது, 57 நிமிடம் என்றாலாவது செய்தி என்று அங்கிருந்தவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

கேத்தரின் படிப்பித்த ஸ்டீல் உயர்நிலைப் பள்ளி ஆற்றோரம் இருந்தது. 1955இல் இடித்துவிட்டார்கள். பள்ளி வாசலில் நின்ற வெண்கலச் சிங்கம் டேட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. நேரம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் குறையில்லை.

இரண்டாம் நாள்: ஹஃப்மன் புல்வெளி, விமானப்படை மியூசியம்

ஊருக்குக் கிழக்கே ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளம். புல்வெளி அந்தத் தளத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் பொதுமக்களுக்கு என்று 444ஆம் எண் சாலையிலிருந்து 16ஏ வாயில் உண்டு. வேறு வாயிலுக்குப் போனால் ராணுவ அடையாள அட்டை கேட்பார்கள். ட்ரோனை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். தரை முழுக்கச் சிறுசிறு மேடும் குழியும், செருப்பு உதவாது. நிழலும் கிடையாது.

84 ஏக்கர். டாரன்ஸ் ஹஃப்மன் என்ற வங்கி அதிபர் மாட்டையும் குதிரையையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பறந்துகொள்ளச் சொல்லி வாடகை இல்லாமல் கொடுத்தார். 1905 கொட்டகையின் மாதிரியும், ஏவுகோபுரத்தின் மாதிரியும் நிற்கின்றன. டேட்டனில் கிட்டி ஹாக் போலக் காற்று இல்லை. 60 அடித் தண்டவாளத்தில் ஓடி எழும்ப வேகம் போதாது. அதனால் 20 அடிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து 700 கிலோ வரைக்கும் எடையை விழவிட்டு, அந்த இழுப்பில் விமானத்தை முன்னே தள்ளினார்கள். 1905 அக்டோபர் 5 அன்று வில்பர் இங்கே 39 நிமிடத்தில் 24 மைல் சுற்றினார். அந்தக் காலத்தில் டேட்டன்–ஸ்பிரிங்ஃபீல்டு டிராம் இதன் ஓரமாகவே போகும். சிம்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் மைதானம். கேத்தரினும் அவருடைய ஆசிரியைத் தோழிகளும் வந்து பார்த்தது அந்த டிராமில்தான்.

அருகே குன்றின் மேல் விளக்க மையமும் ரைட் நினைவுத் தூணும். 17 அடி இளஞ்சிவப்புக் கிரானைட், வட கரோலினாவிலிருந்து வந்தது. திறப்பு விழா 1940 ஆகஸ்டு 19. ஆர்வில்லின் பிறந்த நாள் என்று பார்த்து வைத்தார்கள். அமெரிக்காவின் தேசிய விமான தினமும் அதே காரணத்துக்காக அதே நாள். கேத்தரினுக்கும் அது பிறந்த நாள் என்று சொல்கிறவர் கிடையாது.

பிற்பகலுக்கு விமானப்படை மியூசியம். கட்டணமில்லை. முழுக்கப் பார்க்க இரண்டு நாள் வேண்டும். நாம் பார்க்க வேண்டியது தொடக்க கால அரங்கில் இருக்கும் 1909 ராணுவ விமானத்தின் நகல் ஒன்றுதான். அதன் பின்கதையில்தான் கேத்தரினின் வாழ்க்கை திசை மாறியது.

1908 பிப்ரவரியில் ராணுவம் போட்ட ஒப்பந்தம்: இரண்டு பேரைச் சுமக்க வேண்டும், ஒரு மணி நேரம் பறக்க வேண்டும், மணிக்கு 40 மைல் வேகம், விலை 25,000 டாலர். வேகம் ஒரு மைல் கூடினால் 2,500 கூடும், குறைந்தால் குறையும். வில்பர் பிரான்சில். ஆர்வில் வாஷிங்டனை ஒட்டிய ஃபோர்ட் மையரில். செப்டம்பர் 17 அன்று லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜை ஏற்றிக்கொண்டு பறந்தபோது வலது புரொப்பெல்லரின் ஒரு அலகு நீளவாக்கில் பிளந்தது. இரண்டு அலகின் இழுப்பும் சமமில்லாமல் போகவே தண்டு அதிர்ந்து ஆடியது. ஆடிய அலகு வால் சுக்கானைப் பிடித்திருந்த கம்பியை வெட்டியது. சுக்கான் சாய, விமானம் மூக்குக் குத்தி விழுந்தது. செல்ஃப்ரிட்ஜ் அன்றிரவே இறந்தார், எஞ்சின் விமான விபத்தில் முதல் சாவு. ஆர்வில்லுக்கு இடது தொடை எலும்பு முறிவு, நான்கு விலா முறிவு. இடுப்பெலும்பும் மூன்று இடத்தில் உடைந்திருந்தது, ஆனால் அது பல வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது.

கேத்தரின் தந்தி கிடைத்ததும் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு அன்றிரவு ரயிலைப் பிடித்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில். ஏழு வாரம் அங்கேயே. இரவில் கட்டில் பக்கம் உட்காருவது ஒரு வேலை. அது தவிர, வந்து குவிந்த தந்திகளுக்குப் பதில், பார்க்க வருகிற ராணுவ அதிகாரிகளையும் நிருபர்களையும் யாரை விடுவது யாரைத் தடுப்பது என்ற முடிவு, பிரான்சில் தவித்துக்கொண்டிருந்த வில்பருக்கு நிலவரக் கடிதம். ஒப்பந்தக் கெடுவை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க ராணுவத்தோடு நடந்த பேச்சிலும் அவர் பங்கு உண்டு. அந்த நீட்டிப்பு கிடைக்காமல் போயிருந்தால் இந்த மியூசியத்தில் நிற்கும் வடிவமே வந்திருக்காது. 1909 ஜூலையில் ஆர்வில் திரும்ப வந்து மணிக்கு 42 மைலுக்கு மேல் காட்டினார். விலை 30,000 ஆக உயர்ந்தது.

விடுப்பு எடுத்த ஆசிரியை வகுப்புக்குத் திரும்பவே இல்லை. ஊன்றுகோலோடு நடந்த ஆர்வில்லைக் கூட்டிக்கொண்டு 1909 ஜனவரியில் பிரான்சுக்குக் கப்பலேறினார். தென்மேற்கே, பைரனீஸ் மலையைப் பார்த்த போ (Pau) நகரில் வில்பர் பயிற்சிப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். வில்பர் மைதானக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வார், பேச்சு குறைவு. ஆர்வில் கூச்சக்காரர். ஸ்பெயின் அரசர் அல்ஃபோன்சோவும் இங்கிலாந்தின் எட்வர்டும் வந்தபோது விருந்தாளிகளிடம் கலகலப்பாகப் பேசியது தங்கைதான். தினம் காலையில் பிரெஞ்சுப் பாடம் படித்து அண்ணன்களைவிட நன்றாகப் பேசவும் கற்றுக்கொண்டார். பிப்ரவரி 15 அன்று வில்பர் அவரை ஏற்றிக்கொண்டு ஏழு நிமிடம் பறந்தார். அந்தப் படங்களில் பாவாடையைக் கீழே கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். புதுமைக்காக அல்ல. இருக்கை இறக்கையின் முன்விளிம்பில், மறைப்பு ஒன்றும் இல்லாமல் இருக்கும். பின்னால் சங்கிலியும் கம்பியும் ஓடும். துணி பறந்து அதில் சிக்கினால் செல்ஃப்ரிட்ஜ் கதைதான்.

மூன்றாம் நாள்: கேரில்லன் பூங்கா, ஹாதார்ன் ஹில், வுட்லேண்ட்

கேரில்லன் வரலாற்றுப் பூங்காவுக்கு டிக்கெட் உண்டு. இங்கே இருப்பது 1905இல் ஹஃப்மன் புல்வெளியில் பறந்த அசல் மூன்றாம் விமானம். நகல் அல்ல. பள்ளமான கூடத்தில் வைத்திருப்பதால் மேலிருந்து எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்க்கலாம். டிசம்பர் 17 படத்தை எடுத்த பெட்டிக் கேமராவும் இங்கேதான்.

அசல் காரணம் வேறு: ஆர்வில்லும் கேத்தரினும் பின்னால் குடியிருந்த ஹாதார்ன் ஹில் வீட்டுக்குச் சுற்றுலா பஸ் இங்கிருந்துதான் கிளம்பும். அந்த வீட்டுக்கு நேராகப் போனால் உள்ளே விடமாட்டார்கள். எல்லா நாளும் சுற்றுலா கிடையாது. வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும், முன்பதிவு கட்டாயம். பயணத் தேதிகளை இதை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், மற்ற எல்லாவற்றையும் முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம்.

ஓக்வுட் குன்றின் மேல் வெள்ளைத் தூண்களோடு பெரிய மாளிகை. 1912 பிப்ரவரியில் 17 ஏக்கர் வாங்கினார்கள். அதே வருடம் மே 30 அன்று வில்பர் டைஃபாய்டில் இறந்தார், வயது 45. உயிலில் லாரின், ரூக்லின், கேத்தரின் மூவருக்கும் ஆளுக்கு 50,000 டாலர். மீதி ஆர்வில்லுக்கு. ஆக கேத்தரின் அண்ணனை அண்டித்தான் இருந்தாக வேண்டும் என்ற நிலை அதற்குப் பிறகு இல்லை. இருந்தும் இருந்தார். ரைட் கம்பெனியின் செயலாளராகவும் பொறுப்பேற்றார். 1915இல் கம்பெனியை விற்கும்வரை அது.

வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே 1913 மார்ச் 25 வெள்ளம் வந்தது. ஹாதார்ன் தெரு மூழ்கியது. பிஷப்பைப் படகில் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்கள் பல நாள் தண்ணீரில் கிடந்தன. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த முதல் பறப்புப் படத்தின் ஒரு மூலை உரிந்திருப்பது அதனால்தான்.

1914 ஏப்ரலில் பிஷப், ஆர்வில், கேத்தரின் மூவரும் குடிபுகுந்தார்கள். உள்ளே ஆர்வில்லின் கைவேலைகளை வழிகாட்டிகள் ஆசையாகக் காட்டுவார்கள்: கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து வடிகட்டி வீட்டுக்குள் ஏற்றும் அமைப்பு, சுற்றிலும் வளையமாகக் குழாய் வைத்த ஷவர், சுவருக்குள் ஓடும் தூசி உறிஞ்சிக் குழாய். ஆர்வில்லின் படிப்பறை மட்டும் அவர் விட்டுப்போனபடி இருக்கிறது. மற்ற அறைகளில் பின்னால் வீட்டை வைத்திருந்த நிறுவனத்தின் கை பட்டிருக்கிறது. அதனால் கேத்தரினின் காலத்துப் பொருள் எது, பிந்தியது எது என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டே வாருங்கள். கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் ஷவரோடு நின்றுவிடும்.

கேட்க வேண்டிய இன்னொன்று 1914 அக்டோபர் 24. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு டேட்டனில் நடந்த பேரணியில் கேத்தரின் நடந்தார். கூடவே ஆர்வில்லும், எண்பத்தைந்து வயது பிஷப்பும். அடுத்த மாதம் ஓஹியோ வாக்காளர்கள் அந்தக் கோரிக்கையைத் தோற்கடித்தார்கள். கேத்தரின் இதை அண்ணன்களின் வேலைக்கு ஒட்டுவேலையாகச் செய்யவில்லை. அவருடைய சொந்த அரசியல் அது.

மாலையில் வுட்லேண்ட் கல்லறைத் தோட்டம். 1841இல் தொடங்கியது, மரம் அடர்ந்த மேடு, உள்ளே காரில் போகலாம். ரைட் குடும்ப மனையில் மில்டன், சூசன், வில்பர், ஆர்வில், கேத்தரின். வாசல் அலுவலகத்தில் வரைபடம் வாங்கிக்கொண்டால் தேடி அலைய வேண்டாம். கவிஞர் பால் லாரன்ஸ் டன்பரும் இதே தோட்டத்தில்தான். ஆர்வில்லின் பள்ளித் தோழர், அவருடைய பத்திரிகையை அச்சடித்தவர்கள் ரைட் சகோதரர்கள்.

கேத்தரின் இறந்தது இந்த ஊரில் அல்ல, கணவர் வீட்டில். ஆனாலும் பிறந்த வீட்டு மனையிலேயே அடக்கம்.

நான்காம் நாள்: ஓபர்லின்

டேட்டனிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம், கொலம்பஸ் வழியாக ஐ-71இல் வடக்கே. கிளீவ்லாந்துக்குத் தென்மேற்கே சின்னக் கல்லூரி ஊர். திங்கட்கிழமை வேண்டாம், கலைக்கூடம் மூடியிருக்கும்.

ஓபர்லின் 1837இலேயே பெண்களைப் பட்டப் படிப்பில் சேர்த்த கல்லூரி. கேத்தரின் 1898இல் பட்டம் பெற்றார். ரைட் வீட்டுப் பிள்ளைகளில் கல்லூரிப் பட்டம் முடித்தது அவர் ஒருவர்தான். வில்பரும் ஆர்வில்லும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழே வாங்கவில்லை. படிப்புக்கு நடுவிலும் வீடு இழுத்தது. 1896இல் ஆர்வில்லுக்கு டைஃபாய்டு கண்டபோது வில்பரும் கேத்தரினும் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சல் தணிந்து ஆர்வில் எழுந்து உட்காரும்வரை அவர் கல்லூரிக்குக் கிளம்பவில்லை.

இப்போது அந்தக் கணக்குக் கதை. ஓபர்லினில் கேத்தரினுக்குக் கணக்குப் பாடம் வரவில்லை. சொல்லிக்கொடுத்தது ஹென்றி ஹாஸ்கெல் என்ற மூத்த மாணவர். விமானத்துக்குத் தங்கை கணக்குப் போட்டார் என்று எழுதிய நிருபர்கள் இந்த ஊர்ப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். ஹாஸ்கெல் பின்னால் கான்சஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகையின் ஆசிரியர் ஆனார். ரைட் குடும்பத்தோடு நட்பு விடவில்லை.

1920களில் கேத்தரின் ஓபர்லின் அறங்காவலர் குழுவில் அமர்ந்தார், அந்தக் குழுவில் இடம்பெற்ற இரண்டாவது பெண். ஹாஸ்கெல்லின் மனைவி 1923இல் இறந்திருந்தார். கடிதங்கள் பெருகின, 1925இல் திருமணம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஆர்வில்லிடம் சொல்ல கேத்தரினுக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டார். ஐம்பது வயது கடந்த, சொந்தச் சொத்து உள்ள, கல்லூரி நிர்வாகத்தில் இருக்கும் பெண் அண்ணனிடம் இதைச் சொல்ல இப்படித் தவித்தார் என்றால், அந்த வீட்டில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்திருக்கிறது: மூவரும் மணம் செய்யாமல் ஒருவருக்கொருவர் துணை. வில்பர் செத்ததும் ஆர்வில் அதை முழுக்கத் தங்கை மேல் ஏற்றிவிட்டார். கடைசியில் சொன்னது ஹாஸ்கெல். ஆர்வில் பேச்சை நிறுத்திவிட்டார்.

திருமணம் 1926 நவம்பர் 20, டேட்டனில் அல்ல, ஓபர்லினில், நண்பர் வீட்டில். ஆர்வில் வரவில்லை. கான்சஸ் சிட்டிக்குப் போன பிறகும் கேத்தரின் எழுதிக்கொண்டே இருந்தார், பதில் இல்லை. 1929 பிப்ரவரி கடைசியில் அவருக்கு நிமோனியா. போகச் சொல்லி லாரின் வற்புறுத்தியதில்தான் ஆர்வில் ரயிலேறினார். மார்ச் 3 அன்று கேத்தரின் இறந்தபோது பக்கத்தில் இருந்தார். வயது 54.

ஃபோர்ட் மையரில் அந்தத் தங்கை ஏழு வாரம் உட்கார்ந்த கணக்கையும் இந்த இரண்டரை வருட மௌனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆர்வில் மேல் இரக்கம் வருகிறது என்று எழுதுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

ஆலன் நினைவுக் கலைக்கூடத்தின் முன் ஒரு நீரூற்று. மனைவி நினைவாக ஹாஸ்கெல் வைத்தது, 1931. டால்ஃபினைத் தூக்கிப் பிடித்த இறக்கை முளைத்த பாலகன், வெரோக்கியோவின் ஃபுளோரன்ஸ் சிற்பத்தின் பிரதி. குளிர்காலத்தில் தண்ணீர் ஓடாது. மே முதல் செப்டம்பருக்குள் வந்தால் நல்லது. பெயர் பொறித்திருக்கிறது, படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அண்ணன்கள் பெயரைச் சாராமல் அவருக்கென்று எழுப்பிய சின்னம் இது. கலைக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை.

ஐந்தாம் நாள்: டியர்பார்ன், மிச்சிகன்

ஓபர்லினிலிருந்து டோலிடோ வழியாக இரண்டேகால் மணி நேரம். ஓஹியோ டர்ன்பைக்கில் சுங்கம் உண்டு.

கிரீன்ஃபீல்டு கிராமம் ஹென்றி ஃபோர்டு மியூசிய வளாகத்தில் இருக்கிறது. டிக்கெட் தனி, பார்க்கிங் தனி. முக்கியமாக ஒன்று: ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடு வரை கிராமம் மூடியிருக்கும். அந்த மாதங்களில் வந்து பக்கத்துக் கட்டட மியூசியத்தோடு திரும்பியவர்கள் நிறைய.

ஹாதார்ன் தெரு வீடும், மேற்கு மூன்றாம் தெரு 1127இல் இருந்த சைக்கிள் கடையும் இங்கே ஒட்டி ஒட்டி நிற்கின்றன. டேட்டனில் அப்படி இல்லை. இடையில் நடக்க வேண்டிய தூரம் இருந்தது. வில்பரின் பிறந்த நாளான ஏப்ரல் 16 பார்த்து 1938இல் திறந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை எங்கே வைப்பது என்று ஆர்வில் நினைவிலிருந்து சொன்னார். கடைக்குச் சார்லி டெய்லரையே ஃபோர்டு அழைத்துவந்தார். இந்த வீட்டை நடத்தியவர் அப்போது உயிரோடு இல்லை. ஆக நீங்கள் பார்ப்பது ஆர்வில் ஞாபகம் வைத்திருந்த வீடு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

வாசலில் முதலில் தாழ்வாரத் தூண்கள். 1892இல் அண்ணன்கள் கடைந்து போட்டவை. முன்கூடத்தின் அளவைப் பாருங்கள். 1902 கோடையில் தையல் மிஷினும் விரித்த மஸ்லினும் குந்தியிருந்த ஆர்வில்லும் எங்கே கொள்ளும் என்று கண்ணால் அளந்தால் அந்தக் கடிதத்தின் சலிப்பு புரியும். கூட்டம் குறைவு என்பதால் காலையில் திறந்ததும் இங்கே வந்துவிடுவது நல்லது. பதினொரு மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள் வரிசை.

கடிதங்களைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: அண்ணன்களும் கேத்தரினும் எழுதிக்கொண்டவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில். பெரும்பகுதி இணையத்தில் இலவசமாக உண்டு. அவற்றில் கேத்தரின் "ஸ்வெஸ்" என்றும் வில்பர் "உல்லம்" என்றும் வருவார்கள். தெரியாமல் தேடினால் கிடைக்காது. பிஷப்பின் நாட்குறிப்பும் குடும்பப் படங்களும் டேட்டனுக்குப் பக்கத்தில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். ஹாஸ்கெல்லுக்கு எழுதியவை மிசூரி மாநில வரலாற்றுச் சங்கத்தின் கான்சஸ் சிட்டிக் கிளையில். இரண்டு இடத்திலும் எந்தப் பெட்டி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, நாள் குறித்துக்கொண்டு போங்கள்.